உப்பிய மொச்சை டின்

எண்பதுகளின் நடுவில், தருமபுரிக்கு வெளியே பாலக்கோடு போகிற சாலையில் இருந்த ஒரு மாம்பழக் கூழ் கம்பெனியில் லேப் வேலை பார்த்தேன். லேப் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு மைக்ராஸ்கோப், ஒரு ஸ்டவ், கொஞ்சம் கண்ணாடிக் குழாய்கள், உள்ளே பல்பு எரிந்து எப்போதும் கதகதப்பாக இருக்கும் ஒரு மர அலமாரி. அவ்வளவுதான். நுண்ணுயிரியல் படித்த பெண்ணுக்கு எங்கள் ஜில்லாவில் வேறு என்ன வேலை இருந்தது? டீச்சர் டிரெய்னிங் போகச் சொன்ன அப்பாவோடு சண்டை போட்டுத்தான் இதில் சேர்ந்தேன்.

மாங்காய் சீசன் முடிந்தால் கம்பெனி வெறிச்சென்று ஆகிவிடும். முதலாளிக்கு அது பொறுக்கவில்லை. மார்கழி பிறந்தால் மாரண்டஹள்ளிப் பக்கமிருந்து பச்சை மொச்சை மூட்டை மூட்டையாக வரும். பெங்களூர்க்காரர்கள் அதற்கு உயிரை விடுவார்கள். அதை உப்புத் தண்ணீரில் போட்டு டின்னில் அடைத்துவிட்டால் சித்திரையிலும் விற்கலாம் என்பது அவர் கணக்கு.

"மாம்பழக் கூழ் மாதிரி இல்லீங்க இது" என்று முதல் நாளே சொன்னேன். மாம்பழத்தில் புளிப்பு உண்டு. கொதிநீரில் தப்பிய கிருமி எதுவும் அந்தப் புளிப்பில் தலையெடுக்காது. மொச்சையில் புளிப்பு கிடையாது. அதோடு ஒட்டிக்கொண்டு மண்ணிலிருந்து வரும் சில பாக்டீரியாக்களுக்குக் காற்றே ஆகாது. பட்டினி வந்துவிட்டால் தன் உயிர்ச்சரக்கை மட்டும் கெட்டியான ஓட்டுக்குள் மூடி வைத்துக்கொண்டு உறங்கிவிடும். வித்து என்று சொல்லும் அந்த உறங்கும் உருவை மணிக்கணக்கில் கொதிக்க வைத்தாலும் சாகாது. கொதிநிலையைத் தாண்டின சூடு வேண்டும். அதற்கு அழுத்தம் வேண்டும்.

முதலாளி காது கொடுத்துக் கேட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். எங்கிருந்தோ பழைய ரிடார்ட் ஒன்றை வாங்கி வந்து நிறுத்தினார். ஆள் உயரத்துக்கு இரும்பில் செய்த பிரஷர் குக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். டின்களை உள்ளே அடுக்கி, மூடியை முறுக்கி, பாய்லரிலிருந்து நீராவியை விட வேண்டும். எங்கள் மேஸ்திரி, ஐம்பதைத் தாண்டியவர், சேலத்தில் சாயப்பட்டறை பாய்லரில் இருந்தவர், அதைப் பழக்கிக்கொண்டார். ஒரு தடவைக்கு அடுக்கி ஏற்றுகிற ஒவ்வொரு சுமையிலும் இரண்டு மூன்று டின்னை என் அலமாரியில் வைப்பேன். உள்ளே ஏதாவது பிழைத்திருந்தால் அந்தக் கதகதப்பில் முளைத்து, வாயு கட்டி, டின் உப்பிக்கொள்ளும். முதல் சுமைகள் எல்லாம் தட்டையாகவே இருந்தன. எனக்குக்கூட நம்பிக்கை வந்துவிட்டது.

கிறிஸ்துமஸுக்கு மொரப்பூர்ப் பக்கம் எங்கள் ஊருக்குப் போனவள், தங்கை கல்யாணத்தையும் முடித்துவிட்டு, பொங்கலுக்குப் பிறகுதான் வேலைக்குத் திரும்பினேன். அன்று செவ்வாய்க்கிழமை. அலமாரியைத் திறந்தேன். நான் இல்லாதபோதும் மேஸ்திரி மறக்காமல் டின்களை வைத்து, எந்தச் சுமை என்று சுண்ணாம்புக் கட்டியால் எழுதியிருந்தார். கீழ்த்தட்டில் இருந்த டின்களின் மூடி வயிற்றுப்பிள்ளைக்காரி மாதிரி உப்பியிருந்தது. விரலால் அமுக்கினேன். உள்ளே போகவில்லை.

ஒன்றை வாளிக்குள் வைத்து, ஈரத்துணி போட்டு மூடி, ஆணியால் குத்தினேன். 'ஸ்ஸ்' என்று சீறியது. கெட்டுப்போன வெண்ணெயும் சாக்கடையும் கலந்த மாதிரி ஒரு நாற்றம். ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். நீளநீளமான குச்சிகள். பலவற்றில் ஒரு முனைக்கருகே பளிச்சென்று மின்னும் முட்டை போல வீக்கம். டென்னிஸ் மட்டை மாதிரி இருக்கும் என்று படித்திருந்தேன். அப்படியேதான் இருந்தது. 

இந்த உருவத்தில் சாதுவான பாக்டீரியாவும் உண்டு, மனிதர்கள் அறிந்த விஷங்களிலேயே மிகக் கொடியதைச் செய்கிற பாக்டீரியாவும் உண்டு. பார்த்து வித்தியாசம் சொல்ல முடியாது. எலிக்கு ஊசி போட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த வசதி தருமபுரியில் எங்கே இருந்தது?

மேஸ்திரியைக் கூப்பிட்டேன்.

"இந்தச் சுமை எப்படிங்க ஓட்டுனீங்க?"

"ஏம்மா? அன்னைக்கி மூடியில இருக்கிற கேஸ்கட் போயிடுச்சி. ஆவி பூரா பக்கத்துல சீறுது. பிரஷர் ஏறவே இல்ல. மொச்சைய அடைச்சாச்சி, வீணாப் போவுதேன்னு முதலாளி சொன்னாரு. சரின்னு, மாங்கூழுக்கு வெக்கிறாப்பல கொதிக்கிற தண்ணிலயே வெச்சோம். ரெட்டிப்பு நேரம் வெச்சேன்மா. சும்மா விடல."

அவர் முகத்தில் கள்ளமே இல்லை. அதிக நேரம் வைத்தால் அதிகமாகச் சாகும் என்று யாரும் நினைப்பதைத்தான் அவரும் நினைத்திருந்தார்.

அந்தக் கொதிநீரில் என்ன நடந்திருக்கும் என்று என் மனம் ஓட ஆரம்பித்தது. விழித்திருந்த கிருமிகள் செத்துப்போயிருக்கும். சாகும் முன் அவையும் போராடிப் பார்த்திருக்கும். சூடு ஏறும்போது உடம்புக்குள் மடித்து வைத்த புரதங்கள் பிரிந்து கலைய ஆரம்பிக்கும். பாக்டீரியாவுக்கு அதுவே அபாய மணி. உடனே மற்ற வேலையை எல்லாம் நிறுத்திவிட்டு, கலைகிற புரதத்தைத் தாங்கிப் பிடித்துத் திரும்ப மடித்துக் கொடுக்கிற காவல் புரதங்களைச் செய்து தள்ளும். சூடு மெல்ல ஏறினால் அதற்குத் தயாராக நேரம் கிடைக்கும். திடீரென்று ஏறினால் கிடைக்காது. சூட்டை அது எப்படி அறிகிறது என்பதைப் பல வருஷம் கழித்து இன்னும் விவரமாகப் படித்தேன். அந்தக் காவல் வேலையைத் தொடங்கி வைக்கிற உத்தரவு ஒன்று, சில பாக்டீரியாக்களில், எப்போதும் உள்ளேயே தயாராக இருக்குமாம், ஆனால் சுருண்டு மடிந்து படிக்க முடியாதபடி. சூடு பட்டதும் அந்த மடிப்பு தானே பிரிந்து உத்தரவு படிக்கக் கிடைக்கும். கண்ணும் காதும் இல்லாத ஒன்றுக்கு அந்த மடிப்பே தெர்மாமீட்டர்.

ஆனால் கொதிநீரில் அந்தக் காவலும் பலிக்காது. பிழைத்தவை உறங்கிக் கிடந்தவை மட்டும்தான். அவற்றைக் கொதிநீர் கொல்லவில்லை, எழுப்பிவிட்டது. பாதிச் சூடு பட்டால் இந்த வித்துகள் முன்னைவிட வேகமாக முளைக்கும். ஆறினபிறகு விழித்துப் பார்த்தால் டின்னுக்குள் காற்று இல்லை, போட்டிக்கு வேறு கிருமி இல்லை, சுற்றிலும் வெந்த மொச்சை.

"மீதி டின் எல்லாம் எங்கங்க இருக்குது?"

"குடோன்ல கொஞ்சம். லேபிள் ஒட்டாத டின்னுதானேன்னு, பொங்கலுக்கு, மொச்சை உரிக்கிற பொம்பளைங்களுக்கு ஆளுக்கொண்ணு குடுத்தாரு முதலாளி."

நான் ஓடினேன். கொட்டகையில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்த பெண்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். யாரும் டின்னைத் திறக்கவில்லை. வீட்டில் புதுமொச்சையே குவிந்து கிடக்கும்போது டின் மொச்சை எதற்கு என்று பரணில் வைத்திருந்தார்கள். ஒருத்தி, "அது பொம்முன்னு வீங்கிடுச்சி மேடம், தூக்கி எருக்குழில போட்டுட்டேன்" என்றாள். முதலாளிக்கு விஷயம் சொன்னதும் முகம் வெளுத்துப்போய், ஆளை அனுப்பி டின்களைத் திரும்ப எடுத்துவரச் சொன்னார்.

"எல்லாரும் வந்திருக்கீங்களா?" என்று அந்தப் பெண்களைக் கேட்டேன்.

ஒருத்தி வரவில்லை. இண்டூரிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவள். என் வயசுதான் இருக்கும். நான்கு வயதில் ஒரு பெண் குழந்தை. நேற்றும் வரவில்லை என்றார்கள்.

மேஸ்திரியும் நானும் இண்டூர் பஸ் ஏறினோம். அந்தப் பயணத்தில் வெளியே என்ன இருந்தது என்று எனக்கு நினைவில்லை. அந்த விஷம் என்ன செய்யும் என்பது மட்டும் பாடப்புத்தகத்தில் படித்த வரிசையிலேயே வந்துகொண்டிருந்தது. முதலில் கண். எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும், இமை சரியும். பிறகு நாக்கும் தொண்டையும். பிறகு கழுத்து. பிறகு மூச்சு. காய்ச்சல் இருக்காது. நினைவு கடைசிவரை தெளிவாக இருக்கும். எனக்கு அதுதான் தாங்கவில்லை. மேஸ்திரி பக்கத்தில் கையைப் பிசைந்துகொண்டே வந்தார். "மூணு பேரு இருக்கிற வூடும்மா அது" என்று ஒரே தடவை சொன்னார்.

ஊருக்கு வெளியே மேட்டில் ஓட்டு வீடு. வாசலில் கோழிகள் படுத்திருந்தன. கிட்டப் போனபிறகுதான் தெரிந்தது. அவை உட்கார்ந்திருக்கவில்லை, விழுந்து கிடந்தன. சிலது செத்துப்போயிருந்தது. ஒரு பெட்டைக்கு உயிர் இருந்தது. கழுத்தைத் தூக்க முடியாமல், துணியைக் கீழே போட்ட மாதிரி தரையில் நீட்டிக்கொண்டு, கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்த்தது. கோழிக்கு இந்த விஷம் ஏறினால் இப்படித்தான் கழுத்து தொங்கும். இனி எலிக்கு ஊசி போட்டுப் பார்க்கத் தேவையே இல்லை.

அவள் வெளியே வந்தாள். நிமிர்ந்து நடந்தாள், தெளிவாகப் பேசினாள். "வாங்க மேடம், வாங்க மேஸ்திரி. கோழிக்கெல்லாம் கழிச்சல் வந்துடுச்சிங்க. இதுல பாப்பாவுக்கு வேற முடியல, அதான் வேலைக்கி வரல."

"அந்த டின்னு..."

"ஞாயித்துக்கெழமயே தொறந்துட்டோங்க. உள்ள என்ன இருக்குதுன்னு பாக்கணும்னு பாப்பா ஒரே அடம். நாத்தம் அடிச்சிது. தண்ணிய வாசல்ல ஊத்திட்டு, மூணு நாலு வாட்டி அலசிப்போட்டு, கொழம்பு வெச்சேன். எங்க வூட்டுக்காரருக்கு மொச்ச மாவா வேவணும். விறகடுப்புல வெச்சிட்டு நான் துணி தொவைக்கப் போயிட்டேன், அது பாட்டுக்கு மதியம் வரைக்கும் கொதிச்சிது. நாங்க ரெண்டு பேரும் தின்னோம், ஒண்ணும் ஆவலீங்களே!"

எனக்கு உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. உறங்குகிற வித்து கொதிநீரில் சாகாது. ஆனால் அது செய்கிற விஷம் வெறும் புரதம். அதைக் காப்பாற்ற யாரும் இல்லை. நன்றாகக் கொதித்தால் கலைந்து பாழாகிவிடும். புருஷன் மொச்சையை மாவாகக் கேட்கிறவனாக இருந்ததால் இரண்டு பேர் தப்பியிருக்கிறார்கள். தண்ணீரை அப்படியே குடித்த கோழிகள்தான் மாட்டிக்கொண்டன.

"பாப்பா கொழம்பு சாப்பிட்டுச்சா?"

"இல்லீங்க, காரம்னு தொடல. அலசி வெச்சப்ப ரெண்டு மொச்சய எடுத்து வாயில போட்டுக்குச்சி. ஒண்ணு தின்னுது, ஒண்ணு துப்பிடுச்சி. ஏங்க மேடம்?"

நான் பதில் சொல்லாமல் உள்ளே போனேன். குழந்தை பாயில் படுத்திருந்தது. சரிந்த இமைக்கு அடியிலிருந்து என்னைப் பார்க்கத் தலையைப் பின்னால் சாய்த்தது. "தூங்கித் தூங்கி விழுவுது மேடம்" என்றாள் அம்மா. அது தூக்கம் இல்லை. குழந்தை முழுசாக விழித்துக்கொண்டிருந்தது. ஒரு விரலைக் காட்டினேன். "எத்தனை?"

"ரெண்டு" என்றது. மூக்கிலிருந்து வந்தது குரல்.

தம்ளரில் கொஞ்சம் தண்ணீர் கொடுத்தாள் அம்மா. பாதி மூக்கு வழியாக வந்துவிட்டது. நான் தம்ளரைப் பிடுங்கினேன். "வாய்ல ஒண்ணும் குடுக்காதீங்க. கஷாயம் கிஷாயம் எதுவும் வேணாம். ஆஸ்பத்திரிக்கிப் போவணும், இப்பவே." அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அவள் அழவில்லை. குழந்தையை வாரித் தோளில் போட்டுக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் ரோட்டுக்கு நடந்தாள். மேஸ்திரி நடுரோட்டில் நின்று, தக்காளி ஏற்றிக்கொண்டு போன ஒரு டெம்போவை மறித்தார்.

தருமபுரி ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் இளைஞர். இமையைத் தூக்கிப் பார்த்ததும், "எங்க கடிச்சுது?" என்றுதான் கேட்டார். எங்கள் பக்கத்தில் இமை சரிந்து வருகிற குழந்தை என்றால் கட்டுவிரியன்தான். பாயில் படுத்ததா, பாம்பு பார்த்தீர்களா என்று கேட்டுக்கொண்டே காலையும் கையையும் புரட்டித் தேடினார். விஷமுறிவு மருந்தை எடுக்கச் சொல்லி நர்ஸிடம் கை காட்டினார்.

"சார், பாம்பு இல்லீங்க" என்றேன். டின்னையும் கோழிகளையும் மைக்ராஸ்கோப்பில் பார்த்ததையும் தடுமாறித் தடுமாறிச் சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"புத்தகத்துலதான் படிச்சிருக்கேன். நான் பார்த்ததே இல்ல."

"நானும்தான் சார்."

"இதுக்கு முறிமருந்து?"

"இங்க கிடைக்காதுன்னு நினைக்கிறேன்."

 அவர் பெங்களூருக்கு ட்ரங்க் கால் போட்டார். மருந்து அங்கும் இல்லை. மூச்சு நின்றால் அங்கே மெஷினில் வைக்கலாம், ஆனால் அவ்வளவு தூரம் வழியில் தாங்குமா என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. இங்கேயே வைத்துப் பார்ப்பது என்று முடிவு செய்தார். குழந்தையின் கட்டிலோரம் கையால் அழுத்தி மூச்சு கொடுக்கிற ரப்பர் பையைக் கொண்டுவந்து வைத்தார்கள். டாக்டர் அம்மாவுக்கும், சேதி கேட்டு ஓடிவந்த அப்பாவுக்கும் அதை அழுத்தக் கற்றுக்கொடுத்தார். எனக்கும், மேஸ்திரிக்கும்.

அந்த வாரம் முழுவதும் எங்களுக்கு வேறு வேலை இல்லை. மூச்சு எழும்பி அடங்குவதைப் பார்ப்பதுதான் வேலை. விஷம் ஏற ஏற, குழந்தைக்குக் கழுத்து நிற்கவில்லை. தூக்கினால் தலை பின்னால் சாய்ந்தது. எனக்கு அந்தப் பெட்டைக்கோழி ஞாபகம் வந்து வெளியே போய் நின்றுகொண்டேன். மூக்கில் குழாய் போட்டுப் பால் விட்டார்கள். அது எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அப்பா கூப்பிட்டால் விரலை அசைக்கும். ஒரு மதியம் மூச்சு மிகவும் ஆழமில்லாமல் போய், டாக்டர் ரப்பர் பையைக் கையில் எடுத்துவிட்டார். பையின் முகமூடியை வாய்க்குப் பக்கத்தில் பிடித்தபடியே காத்திருந்தார். அவர் நெற்றியிலிருந்து வேர்வை குழந்தையின் போர்வையில் சொட்டியது. அழுத்த வேண்டி வரவில்லை. மூச்சு மெல்லத் திரும்பியது. அவள் புருஷன் சுவரில் சாய்ந்து அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டான்.

விஷம் அதற்கு மேல் ஏறவில்லை. அலசினதில் பெரும்பங்கு விஷம் போயிருக்க வேண்டும்; ஒரு மொச்சைக்குள் மீதி இருந்ததுதான் இவ்வளவும் செய்தது. முதலில் கழுத்து நின்றது. பிறகு விழுங்க வந்தது. இமை மட்டும் மாசி வரைக்கும் சரிந்தே இருந்தது.

குடோனில் இருந்த டின்களைப் பெரிய குழி வெட்டி, உடைத்துச் சுண்ணாம்பு கொட்டிப் புதைத்தோம். முதலாளி மொச்சை யோசனையையே விட்டுவிட்டார். ஆஸ்பத்திரிக்கு ஒரு நாள் வந்தவர் வார்டுக்குள் வராமல், வாசலில் நின்று குழந்தையை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மேஸ்திரி பாய்லர் பக்கமே போகவில்லை. பங்குனியில் கணக்கு முடித்துக்கொண்டு மகன் வீட்டுக்குப் போய்விட்டார். "ரெட்டிப்பு நேரம் வெச்சேனேம்மா" என்று போகும்போதும் சொன்னார். அவரிடம் நான் கோபப்படவே இல்லை. எப்படிக் கோபப்படுவது என்று எனக்குத் தெரியவில்லை.

மாங்காய் சீசன் தொடங்குவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து நேரே இண்டூருக்குப் போனேன். கோழி இல்லாத வாசல் அமைதியாக இருந்தது. காபி போட்டுக் கொடுத்துவிட்டு, அவள் எதிரில் உட்கார்ந்தாள்.

"ஒண்ணு கேக்கணும் மேடம். அந்தக் கிருமி எங்கருந்து வந்துச்சி?"

"மண்ணுலருந்துதான். மொச்சை விளைஞ்ச காட்டு மண்ணு."

"மாரண்டஹள்ளி மண்ணா?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். "எல்லா மண்ணுலயும் இருக்கும்."

"இங்கயும்?"

"இங்கயும்தான். வெளியில இருக்கிற வரைக்கும் ஒண்ணும் செய்யாது. காத்து பட்டா அதுக்கு ஆவாது. அது பாட்டுக்குத் தூங்கும்."

"எத்தன நாளைக்கித் தூங்கும்?"

"ரொம்ப நாளைக்கி. நம்ம காலத்துக்கெல்லாம்."

 வாசல் ஓரத்தில் குழந்தை சிரட்டையில் ஈரமண்ணை அடைத்துக் கவிழ்த்து இட்லி சுட்டுக்கொண்டிருந்தது. அவள் எழுந்து போய் அதன் கையிலிருந்து சிரட்டையை வாங்கினாள். குழந்தை சிணுங்கியது. மண்ணை உதறிவிட்டு, விரல் இடுக்கெல்லாம் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். கழுவி முடித்து, அதை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, எங்கே இறக்கி விடுவது என்று தெரியாதவள் மாதிரி வாசலில் நின்றாள்.